மருந்தா, மண்வெட்டியா?

நோயுற்ற பழைய ரோஜாச் செடியை மருந்திட்டுக் காப்பதா, வேரோடு தோண்டி அகற்றுவதா என்ற கேள்விக்குக் கடந்த இருநூறு ஆண்டுகளில் தோட்டக்கலையினர் அளித்துவந்த விடைகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டவை. ஆயினும் அவற்றை வரிசைப்படுத்திப் பார்க்கும்போது, செடியின்மீது இருந்த பற்றும் அதன் வயதும் அந்த விடைகளைப் பெரிதும் தீர்மானிக்கவில்லை என்பதும், நோய் எந்த வழியில் வந்து சேர்கிறது என்று அந்தந்தத் தலைமுறை எண்ணியதோ அதற்கேற்பவே விடையும் மாறிவந்தது என்பதும் புலப்படுகின்றன. இந்த மாற்றத்தின் கடைசிப் படி வட அமெரிக்காவில், ரோஜா ரோசெட் என்னும் நோயால் நிகழ்ந்தது. அந்நோயின் வரலாறு ஒரு தோட்டத்து வேலிக்குள் அடங்குவதன்று; அரசே முன்னின்று நட்ட ஒரு புதர்ச்செடியின் வரலாற்றோடு அது பின்னிக் கிடக்கிறது.

மரஞ்செடிகளுக்கு மருத்துவம் பார்ப்பது என்ற எண்ணம் ஐரோப்பாவில் அரசின் கவனத்தைப் பெற்றது பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில்தான். இங்கிலாந்தில் கென்சிங்டன், செயின்ட் ஜேம்ஸ் அரண்மனைத் தோட்டங்களின் கண்காணிப்பாளராக 1784இல் பொறுப்பேற்ற வில்லியம் ஃபோர்சித், உளுத்துப்போன பகுதியைச் செதுக்கி எடுத்துவிட்டு அந்தப் புண்ணின்மேல் பூசுவதற்கென்று ஒரு குழம்பைத் தயாரித்தார். பசுஞ்சாணம், பழைய கட்டடங்களை இடித்தெடுத்த சுண்ணாம்புக் காரை, மரச்சாம்பல், மணல் ஆகியவையே அதன் சேர்மானம். போர்க்கப்பல் கட்ட ஓக் மரம் போதாமல் கடற்படை கவலைப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது என்பதால், பொந்து விழுந்த மரங்களும் மீண்டும் வைரம் பாய்ந்துவிடும் என்ற அவருடைய கூற்றை நாடாளுமன்றம் ஆராய்ந்து, செய்முறையை வெளியிடுவதற்கு ஈடாக 1,500 பவுண்டு வழங்கியது. சாணத்தைக் குழைத்து வெட்டுவாயில் அப்புவது தமிழ்நாட்டுத் தோட்டக்காரருக்குப் புதிய செய்தியன்று. கவாத்து செய்த கிளை நுனியில் இன்றும் சாணமோ போர்டோ பசையோ பூசுகிறார்கள். அந்தப் பூச்சுக்கு ஒரு நாடாளுமன்றம் பரிசளித்தது என்பதுதான் வியப்புக்குரியது.

ஃபோர்சித்தின் கூற்றை 1802இல் வெளிப்படையாக மறுத்தவர் ஹெர்ஃபர்ட்ஷயர் நிலக்கிழாரும் தாவர உடலியல் ஆய்வாளருமான தாமஸ் ஆண்ட்ரூ நைட். பின்னாளில் லண்டன் தோட்டக்கலைச் சங்கத்தின் தலைவராக நீண்ட காலம் இருந்த இவர், அதற்கு முன்பே 1795இல் வேறொரு கோட்பாட்டை முன்வைத்திருந்தார். ஒட்டுக்கட்டிப் பெருக்கப்படும் எந்த மரவகையும் தாய்மரத்தின் வயதையே சுமந்துகொண்டிருக்கிறது என்றும், தாய்மரம் இயல்பாக மடியவேண்டிய காலம் வரும்போது அதிலிருந்து கட்டிய ஒட்டுகளும் சொறியும் சொத்தையும் பிடித்து மடியத் தொடங்கும் என்றும், ஆகவே பழைய ஆப்பிள் வகைகளுக்கு மருத்துவம் பார்ப்பது வீண் உழைப்பு என்றும் அவர் கருதினார். விதையிலிருந்து புதிய வகைகளை உண்டாக்குவதே வழி என்று சொன்னதோடு நில்லாமல், அவர் அதைச் செய்தும் காட்டினார். நோயுற்ற பழைய செடியை அகற்றிவிடு என்ற முடிவுக்குக் கோட்பாட்டு அடிப்படை தேடிய முதல் முயற்சிகளுள் ஒன்றாக இதைக் கொள்ளலாம். முடிவு சில இடங்களில் சரியாக இருந்தது, காரணம்தான் தவறு. பழைய வகைகள் நலிவதற்கு வயது காரணமன்று, ஒட்டுக்கட்டும்போது தலைமுறை தலைமுறையாகச் சாற்றோடு கடந்துவரும் நச்சுயிரிகள் ஒரு முக்கியக் காரணம் என்பது இருபதாம் நூற்றாண்டில்தான் தெளிவாயிற்று.

ரோஜாவைப் பொறுத்தவரை வயது ஒரு நோயன்று என்பதற்குச் சான்றுகள் எளிதில் கிடைக்கின்றன. ஐரோப்பிய மடாலயத் தோட்டங்களில் மருந்துக்காக வளர்க்கப்பட்ட காலிகா ரோஜா நூற்றாண்டுகளாகக் குச்சியாலும் வேர்க்கன்றாலும் மட்டுமே பெருக்கப்பட்டும் இன்றுவரை உரம் குன்றாமல் பூக்கிறது. ஜெர்மனியின் ஹில்டஸ்ஹைம் நகரப் பேராலயச் சுவரில் படர்ந்திருக்கும் காட்டு ரோஜா ஆயிரம் ஆண்டு பழமையானது என்பது மரபுக் கதை. அந்தக் கணக்கை ஏற்றாலும் ஏற்காவிட்டாலும், 1945 மார்ச் மாதக் குண்டுவீச்சில் அது தரைமட்டம் வரை எரிந்துபோனது என்பதும், அடுத்துவந்த வாரங்களிலேயே வேரிலிருந்து துளிர்த்தது என்பதும் ஐயத்துக்கு இடமில்லாதவை. வேர் நலமாக இருந்தால் பழைய ரோஜா தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும் என்ற தோட்டக்காரரின் பட்டறிவுக்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை. அந்தப் பட்டறிவே பின்னர் அவரைத் தவறான வழியில் நடத்தப்போகிறது என்பதையும் இங்கே குறித்துவைக்க வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு ரோஜாவின் பெரும்பிணி கரும்புள்ளி நோய். ஓரம் சிதறிய கரிய புள்ளிகள் இலையில் தோன்றி, இலை மஞ்சளாகி உதிர, செடி கோடையிலேயே மொட்டையாகி நிற்பது இதன் போக்கு. 1815இல் சுவீடனில் முதலில் பதிவான இந்நோய்க்குக் காரணம் ஒரு பூஞ்சாணம். அதன் வித்துகள் மழைத்துளி தெறிக்கும்போது இலையிலிருந்து இலைக்குப் பரவுகின்றன. இலை ஏறத்தாழ ஏழு மணிநேரம் தொடர்ந்து ஈரமாக இருந்தால் போதும், தொற்று வேரூன்றிவிடும். இந்நோயை ஒவ்வொரு தோட்டத்துக்கும் கொண்டுசேர்த்ததில் மனிதரின் வண்ண ஆசைக்கும் பங்குண்டு. அழுத்தமான மஞ்சள் நிற ரோஜா ஐரோப்பியத் தோட்டங்களில் அரிதாக இருந்த நாளில், லியோன் நகரத்து ஜோசஃப் பெர்னே துஷே பாரசீக மஞ்சள் ரோஜாவைப் பல ஆண்டுகள் முயன்று கலப்பினம் செய்து, ‘சொலேய் தோர்’ என்ற வகையை 1900இல் வெளியிட்டார். இன்றுள்ள மஞ்சள், ஆரஞ்சு, செம்பு நிற ரோஜாக்களில் பெரும்பாலானவை அதன் வழிவந்தவை. பாரசீகச் செடியிடமிருந்து அவை நிறத்தோடு கரும்புள்ளிக்கு எளிதில் இரையாகும் இயல்பையும் சேர்த்தே பெற்றன.

இதற்கு மருந்து திராட்சைத் தோட்டத்திலிருந்து வந்தது. பிரான்சின் மெதோக் பகுதியில் பாதையோரத் திராட்சையை வழிப்போக்கர் பறிக்காமலிருக்க மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து பூசிவைத்த கொடிகளில் அடிச்சாம்பல் நோய் அண்டவில்லை என்பதைக் கவனித்த பேராசிரியர் அலெக்சி மில்லார்தே, அக்கலவையின் செய்முறையை 1885இல் வெளியிட்டார். போர்டோ கலவை என்று தமிழ் உழவர்களும் அறிந்த இம்மருந்து ரோஜாவுக்கும் வந்தது. அதன்பின் கந்தகத் தூளும், 1950களில் கேப்டானும், 1960களின் இறுதியில் பெனோமிலும் வரிசையாக வந்தன. விந்தையாக, தொழில் நகரங்களின் புகைமண்டலமே ஒருவகைக் கந்தக மருந்தாக வேலை செய்துவந்திருக்கிறது. நிலக்கரிப் புகையின் கந்தக டைஆக்சைடு பூஞ்சாண வித்துகளை முடக்கியதால் பிரிட்டிஷ் நகரங்களின் ரோஜாக்கள் கரும்புள்ளி இல்லாமல் இருந்தன என்பதும், 1956ஆம் ஆண்டுத் தூய காற்றுச் சட்டத்துக்குப் பின் நோய் நகருக்குள் நுழைந்தது என்பதும் 1960களின் ஆய்வுகளில் தெரியவந்தன.

இந்தத் தெளிப்பு மருந்துகள் எவையும் நோயைக் குணப்படுத்தவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். புதிய இலையில் தொற்று இறங்காமல் தடுப்பதே அவற்றின் பணி. தெளிப்பதை நிறுத்தினால் அடுத்த மழையில் நோய் திரும்பும். ஆனால் கரும்புள்ளி செடியை உடனே கொல்வதில்லை, வேரைத் தொடுவதில்லை, கவாத்து செய்து உதிர்ந்த இலையைக் கூட்டி எரித்தால் பாதி மட்டுப்படவும் செய்கிறது. எனவே நோயுற்ற செடியைப் பொறுமையாகப் பார்த்துக்கொள்பவரே நல்ல தோட்டக்காரர், தோண்டி எறிபவர் சோம்பேறி என்ற ஓர் ஒழுக்கநெறி இரண்டு மூன்று தலைமுறைகளில் ரோஜா வளர்ப்போரிடையே வேர்விட்டது. கரும்புள்ளியை வைத்துப் பார்த்தால் அந்நெறியில் பிழை காண இடமில்லை.

ரோஜா வணிகம் பெருகிய விதத்தில் வேறொரு வகை நோய்க்கு வழி திறந்துகிடந்தது. விரும்பிய வகையின் ஒரு மொட்டை மட்டும் சீவியெடுத்து, உரமான வேறொரு ரோஜாவின் பட்டைக்குள் செருகிக் கட்டுவதை மொட்டு ஒட்டு என்பர். அடியில் நிற்கும் அந்த உரமான செடி வேர்ச்செடி எனப்படும். இம்முறையால் ஒரு கிளையிலிருந்து பல செடிகளை உண்டாக்கலாம். ஆனால் மொட்டிலோ வேர்ச்செடியிலோ நச்சுயிரி இருந்தால் அது இரண்டு உடலுக்கும் சொந்தமாகிவிடும். இலையில் மஞ்சள் கோலமிடும் ரோஜாத் தேமல் நோய் இவ்வாறே நாற்றங்கால்கள் வழியாக நாடெங்கும் பரவியது. எனினும் அது செடியைக் கொல்லாதது, பக்கத்துச் செடிக்குத் தானாகத் தாவுவதும் அரிது என்பதால், அதைப் பெரும்பாலோர் பொறுத்துக்கொண்டனர். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில், தேமல் பிடித்த செடிகளை ஏறத்தாழ 38 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் பல வாரங்கள் வைத்திருந்து, அதன்பின் எடுத்த மொட்டுகளிலிருந்து நச்சுயிரி நீங்கிய தாய்ச்செடிகளை உருவாக்கினார்கள். நச்சுயிரி நோயிலிருந்து ஒரு ரோஜா வகையை மீட்க முடியும் என்பதற்கு இது எடுத்துக்காட்டு; அதே நேரத்தில், மீட்கப்பட்டது வகைதானே தவிரத் தோட்டத்தில் நின்ற பழைய செடியன்று என்பதும் நோக்கத்தக்கது.

வட அமெரிக்க நாற்றங்கால்கள் நாடிய வேர்ச்செடிகளுள் ஒன்று ரோசா மல்டிஃப்ளோரா. ஜப்பான், கொரியா, கிழக்குச் சீனம் ஆகியவற்றுக்கு உரிய இக்காட்டு ரோஜா சிறுசிறு வெண்பூக்களைக் கொத்துக்கொத்தாகப் பூத்து, ஆளுயரத்துக்கும் மேல் வில்லாக வளைந்து வளரும். 1860களில் வேர்ச்செடியாக அமெரிக்காவுக்குள் வந்த இது, 1930களில் முற்றிலும் வேறொரு பணிக்கு அமர்த்தப்பட்டது. புழுதிப் புயல்களால் நடுமேற்கின் மேல்மண் பறந்துபோன அப்பத்தாண்டில், ஹியூ ஹாமண்ட் பென்னட்டின் தலைமையில் 1935இல் அமைந்த மண்வளப் பாதுகாப்புத் துறை, மண்ணைப் பிடித்துவைக்கவும் கால்நடைக்கு உயிர்வேலியாகவும் காடை போன்ற பறவைகளுக்கு உறைவிடமாகவும் மல்டிஃப்ளோராவைப் பரிந்துரைத்தது. மாநில அரசுகள் உழவர்களுக்கு வேர்விட்ட குச்சிகளை வழங்கின. மேற்கு வர்ஜீனியாவில் மட்டும் 1940களுக்கும் 1960களுக்கும் இடையில் 1 கோடியே 40 லட்சத்துக்கும் மேற்பட்ட செடிகள் நடப்பட்டன. நெடுஞ்சாலையின் நடுத்திட்டில் இதை நட்டால் எதிர்வரும் வண்டியின் விளக்கொளி கண்ணைக் கூசச் செய்யாது என்றுகூடச் சொல்லி நட்டார்கள்.

செடி சொன்ன சொல்லைக் காப்பாற்றியது; அதற்கு மேலும் செய்தது. நன்கு வளர்ந்த ஒரு புதர் ஆண்டுக்குப் பல லட்சம் விதைகளைத் தரவல்லது, விதைகள் மண்ணில் இருபது ஆண்டுவரை உயிரோடு கிடக்கும், பழத்தைத் தின்னும் பறவைகள் அவற்றை மேய்ச்சல் நிலமெங்கும் விதைத்துவிடும் என்பவை நட்ட பின்னரே உணரப்பட்டன. குச்சியால் பெருக்கியதில் இன்னொரு விளைவும் இருந்தது. ஜப்பானில் இதன் விதையைத் துளைத்துண்ணும் ஒரு சிறு குளவி உண்டு. விதையோடு பயணிக்கும் அக்குளவி, குச்சி வழியே வளர்க்கப்பட்ட செடிகளை வெகுகாலம் எட்டிப்பிடிக்கவில்லை. வேலியாக வைத்தது மாடு நுழைய முடியாத முட்காடாக மாறி, ஊக்கித் தந்த மாநிலங்களே அதைத் தீங்குக்களை என்று சட்டப்படி அறிவிக்கும் நிலைக்கு வந்தன.

ரோசெட் நோய் முதலில் கண்ணில்பட்டது இப்புதர் அடர்ந்த கிழக்கில் அன்று. 1940களின் தொடக்கத்தில் கனடாவின் மானிடோபாவிலும் அமெரிக்காவின் வயோமிங், கலிஃபோர்னியா மாநிலங்களிலும் அது பதிவாயிற்று. நோய் கண்ட செடியில் ஒரு கிளை மட்டும் திடீரென்று மற்றவற்றைவிடப் பருத்து நீளும். துளிர் வழக்கத்துக்கு மாறான செந்நிறத்தில் வந்து, முதிர்ந்தும் பச்சைக்குத் திரும்பாது. தண்டில் இளமுட்கள் மயிர்போல் நெருங்கி முளைக்கும். இலைகள் சுருங்கித் திருகி, ஒரே கணுவிலிருந்து பல கிளைகள் வெடித்துத் துடைப்பம்போல் கொத்தாகும். பூக்கள் உருக்குலையும். குளிரைத் தாங்கும் திறனை இழந்த செடி இரண்டு முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் மடியும். நோயின் தொடக்கம் கண்ணுக்கு அழகாகவே இருக்கும் என்பது இதன் கொடுமைகளுள் ஒன்று. பழைய செடி புத்துயிர் பெற்றுச் செழிக்கிறது என்று மகிழ்ந்து உரமிட்டவர்கள் பலர்.

நோயைச் சுமப்பது எது என்ற தேடல் நெப்ராஸ்காவில் பலித்தது. அங்குள்ள பல்கலைக்கழகத்தின் ஆலிங்டன், ஸ்டேப்பிள்ஸ், வீமேயர் ஆகிய மூவரும் 1968இல், கண்ணில்லாத, நான்கே கால்களுடைய, ஒரு மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்குக்கும் மேல் வளராத ஈரியோபைட் சிலந்திப்பேன் ஒன்றே நோயைக் கடத்துகிறது என்று நிறுவினர். 1998இல் தென்னிந்தியத் தென்னந்தோப்புகளில் இளங்காய்களைச் சொறியாக்கத் தொடங்கிய பேனும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததுதான். இவற்றுக்குச் சிறகில்லை, செடியின் நுனியில் நின்று காற்றில் தம்மை விட்டுவிடுகின்றன, விழுந்த இடம் ரோஜாவானால் பிழைக்கின்றன. பேனை அறிந்த பின்னும் அது சுமக்கும் நுண்ணுயிர் இன்னதென்று தெளிய நாற்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. ஆர்க்கன்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் அது எமாராவைரஸ் இனத்து நச்சுயிரி என்று மரபணு வரிசையால் காட்டி, 2015இல் அதுவே நோயின் காரணம் என்றும் மெய்ப்பித்தனர். தமிழ்நாட்டு உழவருக்கு இவ்வினம் முன்பே வேறு பெயரில் அறிமுகமானது: துவரையைப் பூக்கவிடாமல் செய்யும் மலட்டுத் தேமல் நோயை உண்டாக்குவதும் எமாராவைரஸ்தான், அதைப் பரப்புவதும் ஓர் ஈரியோபைட் பேன்தான். நோய் கண்ட துவரையை இளமையிலேயே பிடுங்கி அழி என்று வேளாண் துறையினர் சொல்லும்போது யாரும் மனம் வருந்துவதில்லை. ஒரு பருவப் பயிருக்கும் பாட்டி வைத்த ரோஜாவுக்கும் உள்ள வேறுபாடு அறிவியலில் இல்லை, மனத்தில் இருக்கிறது.

மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி நோய் நகர, மல்டிஃப்ளோரா முட்காடுகள் அதற்கு அறுபடாத பாதையாக அமைந்தன. ஏனைய ரோஜாக்களைவிட இச்செடி நோய்க்கு எளிதில் வசப்பட்டது. ஆதலால் மேய்ச்சல்காரர்களுக்கு ரோசெட் ஒரு வரமாகத் தோன்றியது. மேற்கு வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தின் பூச்சியியலாளர் ஜேம்ஸ் அம்ரைனும் அயோவா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் நோயுற்ற மொட்டுகளையும் பேன்களையும் வேண்டுமென்றே முட்காடுகளில் சேர்த்து, களையை நோயால் அழிக்கும் உயிரியல் கட்டுப்பாட்டு முறையை 1980களிலும் 1990களிலும் ஆராய்ந்தனர். ரோஜா வளர்ப்போர் இதைக் கடுமையாக எதிர்த்தார்கள். காற்றில் செல்லும் பேன் களைக்கும் தோட்டச் செடிக்கும் வேறுபாடு அறியாது என்பது அவர்களின் வாதம்; நோய் ஏற்கெனவே தானாகப் பரவிக்கொண்டிருக்கிறது, செயற்கையாகச் சேர்ப்பது அதைச் சிறிது விரைவுபடுத்துவதே, தோட்டங்களைச் சுற்றி முட்காட்டை முன்னரே வெட்டிவிட்டால் போதும் என்பது மறுபக்கத்து வாதம். இரு தரப்பும் ஒரே உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன என்று இன்று தோன்றுகிறது: தோட்டத்து ரோஜாவின் உயிர், வேலிக்கு வெளியே யாருக்கும் சொந்தமில்லாமல் நிற்கும் புதர்களைச் சார்ந்திருந்தது.

இச்சூழலில் தோட்டக்காரர் செய்த முதல் வேலை மருத்துவமே. அது இயல்பு, கரும்புள்ளியில் பழகிய கை அது. ஆனால் பூஞ்சாண மருந்து நச்சுயிரியை ஒன்றும் செய்யாது. பேனோ மொட்டுச் செதிலின் அடியிலும் இலைக்காம்பின் இடுக்கிலும் ஒளிந்திருப்பதால் தெளிப்பு மருந்து அதைத் தொடுவது அரிது. நோயை இனங்காண்பதிலும் தடுமாற்றம் இருந்தது. 1970களிலிருந்து புழக்கத்துக்கு வந்த கிளைஃபோசேட் களைக்கொல்லி ரோஜாவின்மீது சிறிது பட்டாலும் துளிர்கள் துடைப்பம்போல் கொத்தாகிவிடும். களைக்கொல்லியால் கெட்ட செடி பிழைத்துக்கொள்ளக்கூடியது, ரோசெட் பிடித்த செடி பிழைக்காதது. இரண்டையும் கண்ணால் மட்டும் பிரித்தறிய வேண்டிய நிலையில் அவசரப்பட்டுத் தோண்டியவர்களும் உண்டு, காத்திருந்து தோட்டத்தையே இழந்தவர்களும் உண்டு. மிகையான முட்கள் களைக்கொல்லியால் தோன்றுவதில்லை என்பது அனுபவத்தில் கண்ட அடையாளம். ஆய்வகத்தில் நச்சுயிரியை நேரடியாகக் கண்டறியும் சோதனை 2011க்குப் பிறகே கைகூடியது.

நடுவழியாக ஒன்று பரவலாகக் கையாளப்பட்டது: நோய் காட்டிய கிளையை அன்றே அடித்தண்டு வரை அறுத்தெடுத்துவிட்டு, மற்றக் கிளைகளைக் கவனித்திருப்பது. பேன் கிளை நுனியில் இறக்கிய நச்சுயிரி தண்டின் வழியே வேரை அடைய நாளாகும் என்பதால், மிகத் தொடக்கத்தில் அறுத்தால் சில செடிகள் தப்பின. தப்பிய செடிகளின் கதை வாய்வழியே பரவி, தப்பாதவற்றின் கதை பேசப்படாமல் போனதால் இம்முறைக்குத் தகுதிக்கு மீறிய நம்பிக்கை சேர்ந்தது. டென்னசிப் பல்கலைக்கழகத்தினர் முறையாகச் சோதித்தபோது, அறிகுறி கண்ட கிளையை மட்டும் அறுப்பதை நம்பகமான மருத்துவமாகக் கொள்ள முடியாது என்று தெரிந்தது. அறிகுறி ஒரு கிளையில் தெரியும்போதே நச்சுயிரி அதைக் கடந்திருக்கக்கூடும். வேரை எட்டிவிட்டால், ஹில்டஸ்ஹைம் செடிபோல் அடியிலிருந்து துளிர்ப்பது இங்கே மீட்சியாகாது. நோயின் அடுத்த தலைமுறையே அவ்வாறு துளிர்க்கிறது.

இதற்கிடையில் ரோஜாச் சந்தையே மாறியது. தெளிப்பு மருந்தில் சலித்த அமெரிக்கர்களுக்கு, விஸ்கான்சினைச் சேர்ந்த வில்லியம் ராட்லர் உருவாக்கிய ‘நாக் அவுட்’ வகை 2000இல் விற்பனைக்கு வந்தது. கரும்புள்ளி அண்டாத, கவாத்துக்கும் பெரிதாகக் காத்திராத, பருவமெல்லாம் பூக்கும் இச்செடி அங்காடி வளாகம், சாலையோரம், அலுவலக முற்றம் என்று இடம்விடாமல் கூட்டங்கூட்டமாக நடப்பட்டது. ஆண்டுதோறும் சந்தா கட்டுவதுபோல் மருந்து தெளித்த நூற்றாண்டு முடிந்துவிட்டது என்று தோன்றிய வேளையில், ரோசெட் நோய்க்கு இவ்வகையிடம் எந்தத் தடுப்பும் இல்லை என்பது வெளிப்பட்டது. மல்டிஃப்ளோரா காட்டோரங்களில் அமைத்துத் தந்த பாதையை நாக் அவுட் நகரத்துக்குள் நீட்டித் தந்தது. ஒன்றை அரசு நட்டது, மற்றொன்றைச் சந்தை நட்டது. ஒரே செடியை நெருக்கமாகவும் எங்கெங்கும் நடும் வழக்கம் இரண்டுக்கும் பொது.

டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த் தாவரத் தோட்டத்தில் 1933இல் திறக்கப்பட்ட ரோஜாத் தோட்டமும், ஓக்லஹோமாவின் டல்சா நகரப் பூங்காவில் அதே பத்தாண்டில் அமைந்த ரோஜாத் தோட்டமும் 2010களில் தம் செடிகளில் பெரும்பாலானவற்றைத் தோண்டி எடுக்க நேர்ந்தது. பொருளாதார நெருக்கடிக் காலத்தில் வேலையற்றோரின் உழைப்பால் எழுந்த அத்தோட்டங்கள் ஊர்மக்களின் திருமணப் படங்களிலெல்லாம் இடம்பெற்றவை. அவற்றில் மண்வெட்டி இறங்கிய பின்னரே அகற்றுதல் என்பது வீட்டுத் தோட்டக்காரரிடமும் வெட்கத்துக்குரிய செயலாக இல்லாமல் போயிற்று. 2014இல் டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்தின் டேவிட் பைர்ன் தலைமையில் பல பல்கலைக்கழகங்கள் இணைந்து, கூட்டரசின் நிதியுதவியோடு, எதிர்ப்புத் திறனுள்ள வகைகளைத் தேடும் பணியைத் தொடங்கின.

அகற்றுதல் பலிக்க வேண்டுமானால் அது ஊரார் அனைவரின் செயலாக இருக்க வேண்டும் என்பதற்கு வாழையின் வரலாறு சான்று. 1920களில் ஆஸ்திரேலியாவின் வாழைத் தோட்டங்களை முடிக்கொத்து நோய் அழித்தபோது, அசுவினி அதைப் பரப்புகிறது என்று மேகீ என்ற ஆய்வாளர் கண்டறிந்ததைத் தொடர்ந்து, நோய் கண்ட மரத்தை அழிப்பது சட்டக் கட்டாயமாக்கப்பட்டு, ஆய்வாளர்கள் தோட்டந்தோட்டமாகச் சென்றார்கள், தொழில் மீண்டது. அத்தகைய கட்டாயம் இல்லாத பழனி மலைப்பகுதியில் அதே நோய் விருப்பாட்சி மலைவாழையின் பரப்பைப் பெரிதும் சுருக்கிவிட்டது. அமெரிக்க ரோஜாவுக்கும் சட்டத்தின் கை எட்டவில்லை. மல்டிஃப்ளோரா களைப் பட்டியலில் ஏறியதே தவிர, வீட்டுத் தோட்டத்தில் நோயுற்று நிற்கும் ரோஜாவை எடுப்பது பெரும்பாலும் அறிவுரையாகவே நின்றது. ஆகவே ஒருவர் தம் செடியைத் தியாகம் செய்தும் பக்கத்து வீட்டுச் செடியிலிருந்து மறுபடி நோய் வருவதும், அதனால் அடுத்தமுறை அவரே தயங்குவதும் வழக்கமாயின.

இன்று கையாளப்படும் முறை பல தோட்டங்களின் இழப்பிலிருந்து திரண்டது. நோயுற்ற செடியை உலுக்காமல், காற்று குறைந்த நேரத்தில், முதலில் முழுவதுமாகப் பிளாஸ்டிக் பையால் மூடி, உள்ளேயே பேன்கள் அடைபட்டிருக்கும்படி கட்டிய பிறகே வெட்ட வேண்டும். வெட்டியதை எருக்குழியில் போடாமல் எரிக்கவோ குப்பைக் கிடங்குக்கு அனுப்பவோ வேண்டும். வேர்த்துண்டு எஞ்சினால் அதன் துளிரிலும் நச்சுயிரி இருக்கும் என்பதால் வேரையும் தேடியெடுக்க வேண்டும். ரோஜாவை விட்டால் பேனுக்கு வாழ்வில்லை, உயிருள்ள வேரின்றி நச்சுயிரி மண்ணில் தங்குவதில்லை என்பதால், வேர் அறவே நீங்கிய குழியில் புதுச்செடி வைக்கத் தடையில்லை. காற்றடிக்கும் திசையில் மிஸ்காந்தஸ் போன்ற உயரமான புல்லை வரிசையாக நட்டால் பேன்களின் வரவு மட்டுப்படுவதாக டென்னசியில் நடந்த ஆய்வுகள் காட்டுகின்றன; ரோஜாக்களை ஒன்றோடொன்று உரசாமல் இடைவெளிவிட்டு, பிற செடிகளோடு கலந்து நடுவதும் அதே நோக்கம் உடையது.

மிகப் பழைய செடிகளின் நிலை சற்று வேறானது. வணிகத்திலிருந்து மறைந்துபோன வகைகள் அமெரிக்கத் தென்மாநிலங்களின் இடுகாடுகளிலும் கைவிடப்பட்ட பண்ணை வீடுகளிலும் தப்பி நிற்பதைக் கண்டு, 1980களிலிருந்து டெக்சாஸின் பழைய ரோஜா ஆர்வலர்கள் அவற்றிலிருந்து குச்சியெடுத்து வளர்த்துவந்தார்கள். வேறு நோயென்றால் செடி சாகும் தறுவாயிலும் ஒரு குச்சியைக் காப்பாற்றி வகையை மீட்கலாம். ரோசெட் கண்ட செடியின் குச்சியோ நோயையும் உடன் கொண்டுபோகும். எனவே இவ்வகைகளைப் பொறுத்தவரை முடிவெடுக்க வேண்டிய வேளை செடி நலமாக நிற்கும் ஆண்டுகளிலேயே வந்துவிடுகிறது. ஜெர்மனியில் 1903இல் தொடங்கப்பட்டு இன்று எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட வகைகளை வைத்திருக்கும் சாங்கர்ஹவுசன் ரோஜாத் தோட்டம் போன்ற தொகுப்புகளிலோ, இரண்டு மூன்று ஊர்களின் தனியார் தோட்டங்களிலோ அதே வகையின் நகல் வளர்ந்துகொண்டிருக்கிறதா என்று கண்காணிப்பாளர்கள் முதலில் பதிவேட்டில் பார்க்கிறார்கள். இருக்கிறது என்றால் நோயுற்ற செடி அந்த வாரமே எடுக்கப்படுகிறது.